பன்னிரண்டு தட்டு ஸ்பகெட்டி

கொதிக்கும் தண்ணீரில் ஸ்பகெட்டியை நிறுத்தி, கரண்டிக் காம்பால் தனுஜா மெல்ல அமுக்கினாள். அப்பா செத்து எட்டாம் நாள். படையலுக்குச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் தயார். இது ஒன்றுதான் பாக்கி.

"செத்தவருக்குப் படைக்கிறதுல வெள்ளக்காரன் சாப்பாடு எதுக்குடி?" என்று சரஸ்வதி அத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். அவருக்குப் பிடித்ததைத்தானே படைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி தனுஜா அலுத்துப்போயிருந்தாள்.

அப்பா கிருஷ்ணராஜ், எல்ல என்கிற சுற்றுலா ஊரில் தங்கராஜா முதலாளியின் விடுதியில் பதினான்கு வருடம் சமையல்காரர். அங்கே சமைத்ததில் வேலையாட்கள் கைவைக்கக் கூடாது. அதனால் லீவு நாளில் தோட்டத்து லயத்து வீட்டு அடுப்பிலேயே செய்வார். ஒலிவ எண்ணெய்க்கு எங்கே போவது? தேங்காயெண்ணெயில் பூண்டைக் கருகவிடாமல் வதக்கி, செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போடுவார். "இத்தாலிக்காரன் ஊர்ல தென்னமரம் இருந்திருந்தா, அவனும் இததான் ஊத்தியிருப்பான்" என்பார்.

வெந்ததை வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசப் போனாள். அப்பாவோடு அதே விடுதியில் வேலை செய்த நல்லையா, விறகைப் போட்டுவிட்டு ஓடிவந்து தடுத்தார்.

"அலசிறாத புள்ள. வடிச்ச தண்ணியில கொஞ்சம் ஊத்திக் கிளறு. ஆறுனா ஒட்டிக்கும்."

கிளறினாள். அவர் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அன்னைக்கும் இதத்தான் சொன்னாங்க" என்றார்.

யார், எதைச் சொன்னார்கள் என்று கேட்டாள். குனிந்து விறகை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே சொன்னார். செத்த அன்று பன்னிரண்டு மணிக்கே நெஞ்சு வலிக்கிறதென்று அப்பா முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பஸ் நிறைய ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் பன்னிரண்டு தட்டுதான், ஆறுவதற்குள் போகட்டும், முடித்துவிட்டுப் போ என்றாராம் முதலாளி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலாளியின் வேன் வாசலிலேயே நின்றிருக்கிறது. கடைசித் தட்டுக்குப் பிறகு அப்பா விழுந்தார்.

"நீங்க எங்க இருந்தீங்க மாமா?"

"நாந்தான் தட்டெல்லாம் தூக்கிட்டுப் போனேன்."

திடீரென்று விழுந்துவிட்டார், ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சாவீட்டில் முதலாளி சொன்னபோது, உடம்பை வேனில் கொண்டுவந்து சேர்த்ததற்காக அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தனுஜாவுக்கு இப்போது அந்தக் கும்பிடுதான் நெஞ்சில் எரிந்தது.

படையல் முடிந்து இலை போட்டார்கள். முதலாளி வந்து முதல் இலையில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டார். கிருஷ்ணராஜ் தனக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி என்று பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தனுஜா அவர் எதிரே போய் நின்றாள்.

"அப்பா வலிக்குதுன்னு எத்தன மணிக்கு சார் சொன்னாரு?"

"இந்த நேரத்துல எதுக்கு பிள்ள அதெல்லாம்?"

"எத்தன மணிக்கு?"

அத்தை அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். தனுஜா நகரவில்லை. முதலாளி நல்லையாவைப் பார்த்தார்.

"பன்னெண்டு மணிக்குங்க" என்றார் நல்லையா. "பக்கத்துல நாந்தான் நின்னேன். தட்ட முடிச்சிட்டுப் போன்னு சொன்னீங்க."

அம்மா சோற்று ஏதனத்தோடு அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். முதலாளி அவளைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

அம்மா ஏதனத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, குனிந்து, அவர் முன்னால் இருந்த இலையை எடுத்தாள். அதில் தெளித்திருந்த தண்ணீர் சீமெந்துத் தரையில் வழிந்து ஓடியது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.