ஒரு ஆள் சோறு

பேர்தான் சூரன். கச்சிராயபாளையத்தில் அமிர்தம் வீட்டு வாசலில் அந்த நாய் படுத்திருந்தால், யாரோ நெல் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுப் போனது போல இருக்கும். எழுந்து நிற்பதற்குள் பின்னங்கால் இரண்டும் நடுங்கிவிடும். இப்படியே எடை ஏறினால் மழைக்காலத்துக்குள் நாய் நடக்காமல் போய்விடும், உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று கள்ளக்குறிச்சி கால்நடை மருத்துவர் இலக்கியா சொல்லிவிட்டார். அந்த வீட்டில் அமிர்தத்துக்குப் பேச்சுத் துணை அது ஒன்றுதான்.

மருத்துவர் ஒரு நார்ச்சத்துப் பொடியும் மீன் எண்ணெய் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். பொடி வயிற்றை நிரப்பும், மாத்திரை மூட்டுக்கு நல்லது, ஆனால் சோற்றைக் குறைத்தால்தான் இரண்டும் கைகொடுக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னார். அமிர்தம் தலையை ஆட்டினாள். தலையாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டுக்கு வந்து என்ன செய்தாள்? மாத்திரை என்றால் சூடு. வெறும் வயிற்றில் கொடுத்தால் குடலை அரித்துவிடும், இது யாருக்குத்தான் தெரியாது? சோற்றில் பொடியைத் தூவி, நெய் ஊற்றிப் பிசைந்து, உருண்டைக்குள் மாத்திரையை வைத்து ஊட்டினாள். சூடு தணிய மேலுக்கு ஒரு சொம்பு பால். ஒரு வேளைகூட மருந்தைத் தவறவிடவில்லை. அடப்பாவமே, அவ்வளவு அக்கறை!

மறுபடி வண்டி பிடித்துக் கூட்டிப்போனபோது எடை இன்னும் ஏறியிருந்தது. மருந்து சரியில்லை என்று அமிர்தம் சண்டைக்கே போய்விட்டாள். இலக்கியா பொறுமையாகக் கேட்டுக் கேட்டு நெய்யையும் பாலையும் வெளியே கொண்டுவந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, சோறு எவ்வளவு வைக்கிறீர்கள் என்றார்.

"ஒரு ஆளு சோறுதாங்க."

"நாய்க்கு எதுக்கும்மா ஒரு ஆளு சோறு?"

அமிர்தம் சூரனின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். கணவர் வெங்கடேசன் போய் வருஷம் திரும்பிவிட்டது. இன்னும் உலை வைக்கும்போது இரண்டு பேருக்குத்தான் அரிசி அள்ளுகிறாள். அவர் பங்கைத் தட்டில் எடுத்து வைக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. பிறகு அந்தத் தட்டு சூரனுக்குப் போகும்.

"அவரு பங்குங்க அது," என்றாள். "கொறைச்சி ஆக்குனா, அவரு இல்லன்னு ஆயிடுங்களே."

இலக்கியா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அத அவரு வந்து சாப்புடலம்மா. இப்படியே போட்டுகினு இருந்தா இதுவும் போயிடும்."

அமிர்தத்துக்குக் கோபம்தான் வந்தது. வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் சூரன் படியேற முடியாமல் நின்று அவளைப் பார்த்தது. பின்னாலிருந்து இரண்டு கையாலும் தாங்கி ஏற்றிவிட்டாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

அடுப்படிக்குப் போய் அரிசி அள்ளினாள். ஒரு பங்கு உலையில் விழுந்தது. அடுத்த பங்குக்குப் போன கை அரிசிக்குள்ளேயே கொஞ்ச நேரம் கிடந்தது. வெறுங்கையாக வெளியே எடுத்து அரிசிப் பானையை மூடிவிட்டாள். துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது.

வடித்ததில் கொஞ்சத்தை எடுத்து, பொடி தூவி, நெய்யில்லாமல் சூரனுக்கு வைத்தாள். அது நக்கி முடித்துவிட்டு, வழக்கமாக அவர் தட்டு வைக்கிற இடத்துக்குப் போய்க் காத்துக்கொண்டு நின்றது.

"அவரு செத்துட்டாருடா, சூரா," என்றாள் அமிர்தம்.

அதை அவள் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.