நாலாவது மாடியில் முப்பத்து நான்கு

ரிங் ரோட்டுக்கு அப்பால் அப்பாவும் அம்மாவும் வேலை பார்க்கிற கட்டடத்துக்கு இன்ஜினியர் பிரசாந்த் ஒரு வெப்பமானி கொடுத்திருந்தார். கூடவே ஒரு விதி. முப்பத்தாறு டிகிரியைத் தாண்டினால் மூன்று மணிவரை வேலையை நிறுத்திவிட வேண்டும். மேஸ்திரி சுப்பையா அதைக் கீழே, கலவை போடும் இடத்துக்குப் பக்கத்தில், கொட்டகை நிழலில் மாட்டினார். முதல் இரண்டு நாளும் பகல் பன்னிரண்டு மணிக்கே முப்பத்தேழு காட்டியது. எல்லோரும் படுத்துத் தூங்கினார்கள்.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது.

“மேஸ்திரி, இதைக் கொண்டுபோய் நாலாவது மாடியில மாட்டுங்க. சூரியனுக்குக் கிட்டப் போனா சூடு இன்னும் ஜாஸ்தி காட்டுமில்லீங்க? பதினோரு மணிக்கே படுத்துக்கலாம்.”

கொத்தனார்கள் கைதட்டினார்கள். மேஸ்திரி மறுக்கவில்லை. மேலே நிழல் பார்த்து ஆணி அடித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு முப்பத்து நான்கு காட்டியது. ஒரு மணிக்கும் முப்பத்து நான்கு. ஆறு நாள் யாரும் படுக்கவில்லை. ஆறாம் நாள் அம்மா கலவைச் சட்டியோடு தரையில் மயங்கி விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எழுந்ததும் சட்டி எங்கே என்று கேட்டாள்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காற்று எப்படிச் சூடாகிறது என்ற பாடம் அதற்கு முன்பே வந்துவிட்டது. மறுநாள் சாப்பாடு கொண்டு போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை அப்பாவிடம் சொன்னேன்.

“வெயில் காத்தை அவ்வளவாச் சுட வைக்காதுப்பா. தரையைத்தான் சுட வைக்கும். தரை காத்தைச் சுட வைக்கும். மேலே போகப் போகச் சூடு குறையும்.”

“அப்ப சூரியன் கீழயா இருக்குது?” என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவோடு சட்டி தூக்கும் சரசு அக்கா, “டீச்சர் கேட்டப்ப வாயே திறக்கலியாம். இப்ப வந்து பாடம் எடுக்கறா பாருங்க,” என்றாள்.

நான் மாடிக்கு ஏறி வெப்பமானியைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன். கீழே வந்ததும் முப்பத்தெட்டு காட்டியது.

“அது உன் கைச்சூடு,” என்றார் மேஸ்திரி.

கொட்டகையின் பழைய ஆணியிலேயே மாட்டினேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை யாரும் அதைத் தொடவில்லை. முப்பத்தெட்டு.

“ஹௌதா? அப்படியா?” என்று மேஸ்திரி இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு இன்ஜினியருக்குப் போன் போட்டார்.

இன்ஜினியர் நியாயமானவர். மறுநாள் காலையில் இன்னொரு வெப்பமானி கொடுத்தனுப்பினார். கீழே ஒன்று, மேலே ஒன்று. எந்த இடத்தில் முப்பத்தாறைத் தாண்டுகிறதோ அந்த இடத்தில் மட்டும் வேலையை நிறுத்த வேண்டும்.

அன்று பன்னிரண்டு மணிக்குக் கீழே வேலை நின்றது. அம்மா கொட்டகையில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டாள். மேலே அப்பாவுக்கும் மற்ற கொத்தனார்களுக்கும் முப்பத்து நான்குதான். ஆனால் கலவையும் செங்கல்லும் கீழேயிருந்துதான் போக வேண்டும்.

“ஏ மகேஸ்வரி! கலவை!” என்று அப்பா நாலாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்.

அம்மா கண்ணைத் திறக்காமல் பதில் கத்தினாள். “இங்க முப்பத்தெட்டுங்க!”

அப்பா கரணையைக் கையில் பிடித்தபடி, பாதி எழுப்பிய சுவரின் பக்கத்தில் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தார். படுக்க முடியாது. விதிப்படி அவர் வேலை செய்துகொண்டிருந்தார்.