நூலகத்தில் தொங்கிய வேர்

அமெரிக்காவின் வடகோடியிலுள்ள டுலூத் நகரில் அக்டோபர் முடிந்துவிட்டால் மண் இரும்பாகிவிடும். அதற்கப்புறம் காய்கறி போட ஆசைப்படுகிறவன் வீட்டுக்குள்தான் போட வேண்டும். ரோலண்ட் ஹாகன் பேஸ்மெண்டில் போட்டிருந்தான். நகராட்சிக்குப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் வாளிகளை வரிசையாக வைத்து, உரம் கரைத்த தண்ணீரை ஊற்றி, மூடியில் துளை போட்டு, துளைக்கு ஒரு லெட்டூஸ் கீரை என்று உட்கார வைத்திருந்தான். மேலே விளக்கு. தண்ணீருக்குள் மீன்தொட்டிக் குழாய் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். மூடியைத் தூக்கினால் வேர்கள் வெள்ளை வெளேரென்று நூல்கண்டு போலத் தொங்கும். வீட்டுக்கு வருகிறவர் கோட்டைக் கழற்றுவதற்குள் ரோலண்ட் மூடியைக் கழற்றிவிடுவான்.

அவன் மனைவி லவோன் பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள்; மற்ற நேரமெல்லாம் வாட்டர்கலரில் படம் போடுவாள். ஏரிக்கரைக் கல், பாசி, உதிர்ந்த இலை, எதையும் விட மாட்டாள். அந்தக் குளிர்காலத்தில் நூலகக் கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள்.

"உன் செடில ஒண்ண வரையட்டுமா?" என்று அவள் கேட்டபோது ரோலண்டுக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே அழகான லெட்டூஸைத் தேர்ந்தெடுத்து, இலையைப் பஞ்சால் துடைத்து, விளக்குக்குக் கீழே வைத்தான். லவோன் அதை ஒரு பார்வை பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. அந்த மூலைல துண்டு போட்டு மூடியிருக்கியே, அது என்ன?"

"அதுவா? ஒண்ணுமில்ல. காலி வாளி."

"காலி வாளிக்கு எதுக்குப் போர்வை? குளிருதா அதுக்கு?"

அவள் துண்டை இழுத்தாள். குழாய் அடைத்துப்போனது தெரியாமல் விட்டு, வேர் அழுகிப்போன செடி அது. டிகாஷன் நிறத்தில் கொழகொழவென்று வேர் தொங்கியது. இலையில் அசுவினிப் பூச்சி வேறு. நாற்றம் குடலைப் பிடுங்கியது. லவோன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் அகல விரித்தாள்.

"ரோலண்ட்! தேன் நிறம், துரு நிறம், நுனில ஊதா! இதப் போயா ஒளிச்சு வெச்ச?"

"ஐயோ, அது வேண்டாம்மா. ஊரே சிரிக்கும்."

"ஊருக்கு வேற வேலையில்லயா?"

படம் பெரிதாகவே வந்தது. நூலகத்தில் வாசலுக்கு நேர் எதிரே மாட்டினார்கள். கீழே அட்டையில் 'ரோலண்டின் லெட்டூஸ்' என்று லவோன் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தாள்.

திறப்பு நாளன்று ரோலண்ட் தடித்த குளிர்கோட்டைக் கழற்றாமல் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டான். அவன் உடம்பும் கோட்டுமாகச் சேர்ந்து முக்கால்வாசிப் படத்தை மறைத்தன. வியர்த்து ஊற்றியது. நகரவில்லை. அந்த நேரம் பார்த்து ஆர்லிஸ் டாஃப்டி வந்தார். வீட்டுக்குள் தோட்டம் போடுகிறவர்கள் சங்கத்தின் தலைவி. அவர் வளர்க்காத கீரை இல்லை, குறை சொல்லாத ஆள் இல்லை.

"கொஞ்சம் தள்ளு ரோலண்ட், படம் பாக்கணும்."

"அந்தப் பக்கம் ஆந்தைப் படம் ஒண்ணு இருக்கு, பிரமாதம். போய்ப் பாருங்க."

"ஆந்தைய எங்க வீட்டுக் கூரைலயே பாத்துக்கறேன். தள்ளு."

தள்ளினான். ஆர்லிஸ் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "இது வேரழுகல்தானே?"

"சேச்சே. கலை. எல்லாம் அவ கற்பனை."

"கற்பனையா?" என்று பின்னாலிருந்து வந்தது லவோனின் குரல். "அச்சு அசலா நம்ம வீட்டு வாளிதான். நாத்தத்த மட்டும்தான் வரைய முடியல."

ரோலண்டுக்குத் தரை பிளந்தால் தேவலாம் போலிருந்தது. ஆர்லிஸ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"எனக்கும் இதேதான்ப்பா. துளசி மொத்தமும் போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத."

அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். சங்கத்து ஆட்கள் காபிக் கோப்பையோடு ஒவ்வொருவராக நெருங்கினார்கள். ஒருவருக்குத் தக்காளி பூவோடு உதிர்ந்திருந்தது. இன்னொருவர் கடையில் வாங்கிய வெள்ளரிக்காயைத் தன்னுடையது என்று சொல்லி இத்தனை நாள் விநியோகித்திருந்தார். படத்துக்கு முன்னால் பாவமன்னிப்புக் கூட்டமே நடந்தது. போகும்போது எல்லோரும் லவோனிடம், "எங்க வீட்டுக்கும் வாங்க, எங்களுது இதவிட மோசம்" என்று பெருமையாக அழைத்தார்கள்.

அன்றிலிருந்து லவோன் ஊரிலுள்ள அழுகலையெல்லாம் வரைய ஆரம்பித்தாள். ரோலண்டுக்குப் பொறாமை தாங்கவில்லை. நம் வீட்டில் இல்லாத அழுகலா என்று ரோஷம் வந்தது. நல்ல செடி ஒன்றைத் தனியே எடுத்து, காற்றுக் குழாயைப் பிடுங்கினான். தண்ணீர் குறையக் குறைய ஊற்றாமல் விட்டான். உரம் என்ற பேச்சே கிடையாது. தினமும் வேலை முடிந்து வந்ததும் இறங்கிப்போய், "அழுகு சனியனே" என்று திட்டிவிட்டு வருவான்.

அது புசுபுசுவென்று வளர்ந்து பக்கத்து வாளி மேல் சாய்ந்தது. தண்ணீர் இறங்கிய இடத்தில் வேர் தானாகவே காற்றைக் குடித்துக்கொண்டது.

லவோன் படிக்கட்டில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். "உனக்கு உருப்படியா ஒண்ணக் கெடுக்கக்கூடத் தெரியலயே!"

"சிரிக்காத. நான் என்ன பண்ணாலும் நீ வரையறதில்ல."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "அதுக்கா இவ்வளவும்?"

அவன் குனிந்து வாளி மூடியைத் துடைக்க ஆரம்பித்தான். காது சிவந்திருந்தது.

செய்தி ஆர்லிஸுக்குப் போனது. இவ்வளவு பெரிய லெட்டூஸ் எப்படி வந்தது என்று சங்கத்தில் பேச வேண்டும் என்றார். ரோலண்ட் அந்த லெட்டூஸோடு மேடையேறி, உள்ளதை உள்ளபடி சொன்னான்: "கொல்லப் பாத்தேங்க. சாகல." கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

லவோன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்து, லெட்டூஸைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும் புருஷனை வரைந்துகொண்டிருந்தாள். ரோலண்ட் அதைக் கவனித்துவிட்டான். கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி அடுக்கும் வரைக்கும் அவன் மேடையை விட்டு அசையவில்லை.

"இறங்கி வா, முடிஞ்சுது" என்றாள் லவோன்.

"மூக்கு சரியா வந்துதா பாரு. வேணும்னா இன்னும் கொஞ்சம் நிக்கறேன்."