எதிர் விளிம்பு

காசை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, அவள் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைகளை அணைகொடுத்துச் சாய்ந்திருந்த அம்மா, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்கு காசுல இடிக்கப் போவுது, பாத்து."

"இரும்மா, அவசரப்படுத்தாத."

"எனக்கென்னடி அவசரம். நான் எங்க போகப் போறேன்?"

சொல்லிவிட்டு அம்மாவே சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதிலிருந்து அவளுடைய பேச்சில் பாதி காற்றாகத்தான் வந்தது. அந்தக் காசை இத்தனை நாள் தலையணை உறைக்குள் வைத்திருந்திருக்கிறாள். கைக்குட்டையில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை அவிழ்க்க விரல்களில் தெம்பில்லாமல், அப்படியே மகளிடம் நீட்டியிருந்தாள். கடைசியாக வேலைக்குப் போன அன்று வந்ததாம்.

படுக்கையில் விழும்வரை அம்மாவுக்கு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வேலை. நாள் முழுக்கச் சில்லறை. மகள் நூலகத்து மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்த பிறகு, தேய்ந்தது, நசுங்கியது, கறுத்தது என்று கண்ணில் பட்ட விநோதத்தையெல்லாம் அம்மா தன் கைக்காசைப் போட்டு மாற்றி எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் பரப்புவாள். நாணயச்சாலையில் அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன காசு எது, வெளியே வந்தபின் சேதமானது எது என்று பிரித்தறிவதுதான் அங்கே பாடம். சொல்லித் தருபவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: கையில் எடுத்த காசைச் சேதம் என்றே நினையுங்கள்; அசல் என்று அதுவாக நிரூபிக்கட்டும்.

அவள் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டாள். நம்பிப் பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் வாய்க்கவில்லை என்பதும் உண்மை. தையல் படித்துப் பாதியில் விட்டாள். கணக்குப் படித்துப் பாதியில் விட்டாள். 'நமக்கு வராது' என்று தோன்றிய அன்றே நின்றுவிடுகிற சுபாவம். மேசையில் அம்மா பரப்பும் காசுகளையும் ஒவ்வொன்றாக, மூன்று தரம் நான்கு தரம் திருப்பிப் பார்த்து, எடை போட்டு, பாடத்தை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்து, கடைசியில் அரை மனதாகத்தான் சொல்வாள்: "சேதம்னுதான் நெனைக்கிறேம்மா."

"இதுவுமா? தலையெழுத்துடி." அம்மா அதை அள்ளிச் சில்லறை டப்பாவில் போடுவாள். ஒருநாள் முகத்தை விளக்கடியில் நீட்டி, "என்னையும் ஒரு தரம் அந்தக் கண்ணாடியில பாத்துச் சொல்லிடு. பொறக்கும்போதே இப்பிடியா, இல்ல உங்கப்பன் கைக்குப் போய்ச் சேதமானதானு," என்றாள். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் இருவரும் தாராளமாகச் சிரித்தார்கள்.

வகுப்பு முடிவதற்குள் ஆளுக்கு ஒரு பிழைக்காசாவது சொந்தமாகக் கண்டெடுத்து, சிவப்புத் துணி விரித்த தட்டில் வைக்க வேண்டும். மற்றவர்கள் வைத்துவிட்டார்கள். அவள் ஒருத்திதான் பாக்கி. அம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரம், "நான் நின்னுடலாம்னு பாக்குறேம்மா," என்று சொல்லியிருந்தாள்.

இப்போது கையிலிருந்த காசின் ஓரத்தில், நிலாவைக் கடித்தெடுத்ததுபோல ஒரு வளைவு குறைந்திருந்தது. இந்த வகை அவளுக்கு மனப்பாடம். உலோகத் தகட்டிலிருந்து வில்லை வில்லையாக வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், ஏற்கெனவே விழுந்த ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு ஏறிவிடும். வில்லை கடிபட்டு வரும். பிறகு விளிம்பை எழுப்புவதற்காக அதை இரு பக்கமும் அழுத்தி உருட்டும்போது, கடிபட்ட இடத்தில் பிடிமானம் இருக்காது. அதனால் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் விளிம்பு எழும்பாமல் மெலிந்து கிடக்கும். குறை ஓரிடத்தில் என்றால் அதன் அடையாளம் எதிர்ப்பக்கத்தில். வெளியே யாராவது வெட்டிய காசில் அந்த மெலிவு இருக்காது.

காசைத் திருப்பி எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். விளிம்பு தடித்து, முழுசாக, குறையே இல்லாமல் நின்றது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. எடை போட வேண்டியதில்லை, இன்னொரு தரம் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தெளிவே ஒரு சந்தோஷமாக இருந்தது.

"சேதம்மா! யாரோ வெட்டியிருக்காங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாக்கவே வேணாம். வெட்டு சுத்தமாத்தான் இருக்கு, வளைவு கூட அச்சு அசலா இருக்கு. ஆனா வெட்டினவன் எதிர்ப்பக்கத்த மறந்துட்டான். இதோ பாரு, வெரல வெச்சுப் பாரு."

அவள் அம்மாவின் விரலைப் பிடித்து விளிம்பின்மேல் வைத்தாள். அந்த விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"சொன்னா எவன் கேக்குறான்," என்றாள் அம்மா மெதுவாக. மருந்து மயக்கத்தில் இப்படி ஏதாவது சம்பந்தமில்லாமல் பேசுவது வழக்கம்தான்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு டக்குனு சொல்லிட்டியே. நெனைக்கிறேன், கினைக்கிறேன்னு இழுக்காம."

"ஆமால்ல?"

"ம்." அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "தண்ணி புடிச்சிட்டு வா. சூடா வேணும்."

வெந்நீர்க் குழாய் மாடிப்படியின் அடியில் இருந்தது. வரிசையில் முன்னால் நின்றவர் பெரிய பிளாஸ்க்காகக் கொண்டுவந்திருந்தார். அவள் சீசாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் வெளியே வந்து அவள் கையிலிருந்த சீசாவை முதலில் வாங்கி ஸ்டூலின் மேல் வைத்தாள். அதன் பிறகுதான் சொன்னாள்.

மறுநாள் தகனக் கூடத்தின் இரும்புக் கதவு மூடியதும் வந்தவர்கள் கலைந்துபோனார்கள். வெளித் தாழ்வாரத்து பெஞ்சில் அவளும் மாமாவும் மட்டும் சாம்பலுக்காகக் காத்திருந்தார்கள். மாமா அம்மாவுக்குத் தம்பி; கடைசல் பட்டறை வைத்திருப்பவர். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு அவர் நகக்கண்களில் இருந்தது. வழக்கமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

"பாப்பா, அந்தக் காச அக்கா உங்கிட்டக் குடுத்துச்சா?"

"எந்தக் காசு மாமா?"

"அதான், ஓரத்துல கடிச்ச மாதிரி."

அவள் பையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நல்லாக் கேட்ட போ. ராவினதே நான்தானே!" மாமா முகத்தில், அந்த இடத்துக்குப் பொருந்தாத ஒரு பெருமை வந்து நின்றது. "பாக்கப் போறப்பல்லாம் இதே பேச்சுதான். 'டேய், இவ எதத் தொட்டாலும் பாதியில விடுறா. இந்த வகுப்பையும் விட்டுட்டா, நான் போனப்புறம் வேல உண்டு வீடு உண்டுன்னு சுவத்தப் பாத்துட்டு உக்காந்துடுவாடா. ஒரே ஒரு காசு கெடச்சாப் போதும், ஒட்டிக்குவா'ன்னு. செத்தாலும் அக்கா அக்காதான். அந்தக் கெடையிலயும் என்னைய உக்காத்தி வெச்சுப் பாடம் நடத்துச்சு. வளைவு இப்பிடி இருக்கணும், வெட்டின எடம் பளபளன்னு இருக்கக் கூடாது... நான் உருண்டை அரத்தால ராவி, எண்ணெய் தடவி, சூடு காட்டிக் கருக்கவெச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

உள்ளே உலையின் இரைச்சல் கூடிக் குறைந்தது.

"எதிர்ப்பக்கத்தையும் லேசாத் தேச்சு விடுடான்னுச்சு. திருப்பித் திருப்பி அதையே சொல்லுச்சு. பட்டறையில வேல கழுத்து வரைக்கும் கெடந்துதா, 'எதிர்ப்பக்கத்த எவன்க்கா பாக்கப் போறான், போக்கா'ன்னுட்டேன்." மாமா அவள் பக்கம் திரும்பினார். "தப்பாத் தெரியலையே? நம்புனியா?"

அவள் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு உரிந்த இடத்தில் யாரோ காத்திருந்த நேரத்தில் பேனாவால் கட்டம் கட்டமாகக் கிறுக்கியிருந்தார்கள்.

"நம்புனேன் மாமா."

"அக்காகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"அசல்னுதானே?"

"அசல்னு."

"அப்பச் சரி," என்றார் மாமா. "அப்பச் சரி." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, குழாயடியைத் தேடிப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் உள்ளிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். கொடுத்த பானை அவள் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் சில்லறை டப்பா இருந்தது. மாமா சாப்பிடச் சொல்லி இரண்டு தரம் கேட்டுவிட்டு, பட்டறையைப் பூட்டாமல் வந்துவிட்டதாகச் சொல்லிக் கிளம்பினார். அவர் போனதும் அவள் கதவைச் சாத்தினாள். லென்ஸைத் தேடவில்லை. கைக்குட்டையிலிருந்து காசை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அம்மா உடம்பு நன்றாக இருந்தபோது துணி துவைத்த கல் அங்கே காய்ந்து கிடந்தது. அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கடிபட்ட வளைவைக் கட்டைவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டு எதிர் விளிம்பைக் கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கல்லில் தேய்த்தால் கோடு கோடாக விழும். புதுக் கீறல் கண்ணைப் பறிக்கும். லென்ஸே வேண்டாம், வகுப்பில் நேற்றுச் சேர்ந்தவன்கூடச் சொல்லிவிடுவான். அது அவளுக்குத் தெரியும்.

சாயங்கால வெயில் மதில்மேல் ஏறியது. தெருமுனையில் நூலகத்துப் பக்கம் போகும் பேருந்து வந்து நின்றது. யாரோ இறங்கினார்கள். மணியடித்தது, கிளம்பிப் போயிற்று.

அவள் காசைத் தண்ணீரில் அலசி, அம்மாவின் விரலைப் பிடித்து வைத்த அதே இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். விளிம்பு இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது. மறுபடி கல்லில் வைத்தாள்.