மேடையேறிய சிவப்பு உப்பு

எங்கள் இயக்குநருக்கு ஆய்வகத்தில் ‘ரிப்பன் சார்’ என்று பெயர். அவர் கத்தரிக்கோல் படாத வாசல் ஒன்றுகூட அந்தக் கட்டடத்தில் கிடையாது. பழுதுபார்த்த லிஃப்டைக்கூட ரிப்பன் வெட்டித்தான் ஓடவிட்டார். மூன்றாம் நாள் அது மறுபடி நின்றுபோனதற்கு விழா எடுக்கவில்லை. என் கெட்ட நேரம், என்னுடைய முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியும் அவர்தான். ஆறு வருடத்தில் அவர் எனக்குக் காட்டிய ஒரே வழி, மேடைக்குப் போகும் வழி.

என்னிடம் மிச்சம் இருந்தது இரண்டு கிராம் சிவப்பு உப்பு. பிளாட்டினத்தை நடுவில் உட்காரவைத்து, நாலு பக்கமும் குளோரினைக் காவல் நிறுத்தி, பொட்டாசியத்தைத் துணைக்குச் சேர்த்த உப்பு. மாதுளை நிறம். தண்ணீரில் சமர்த்தாகக் கரையும். அம்மோனியா மாதிரி ஏதாவது வந்து கேட்டால் குளோரின் எழுந்து இடம் கொடுக்கும், சிவப்பு மெல்ல மஞ்சளாகும். புற்றுநோய் மருந்துகளில் ஒரு குடும்பமே இந்த உப்பிலிருந்துதான் தயாராகிறது. அந்தக் குடும்பத்துக்கு நானும் ஒரு புதுப் பிள்ளையைச் சேர்த்திருந்தேன். அது நோய் செல்களை என்ன செய்கிறது என்று பார்த்துச் சொல்ல வேறொரு ஆய்வகம் சம்மதித்திருந்தது. மிச்சமிருந்த இந்த உப்பில் அதைச் செய்து, வெள்ளிக்கிழமை நாலு மணிக் கூரியரில் அரை கிராம் அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த சுற்று ஆறு மாதம் கழித்து. அதாவது, ரிப்பன் சாரோடு இன்னும் ஆறு மாதம்.

“ஒரு உப்பை வெச்சுக்கிட்டு ஆறு வருஷமா என்னடி பண்றே?” என்று அம்மா போனில் கேட்டாள். “அதுக்குள்ள உன் அண்ணன் ரெண்டு பிள்ளை பெத்துட்டான்.”

“அண்ணனுக்கு வழிகாட்டி கிடையாதும்மா. அதான் சீக்கிரம் முடிஞ்சுது.”

திங்கட்கிழமை காலை சார் கூப்பிட்டார். புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

“என்னம்மா, அந்தச் சிவப்பு உப்பு இருக்குல்ல?”

“இருக்கு சார். இன்னைக்கு மதியம் அதை வெச்சுத்தான்...”

“தலைமை விருந்தினர் மேடையில அதைக் கலக்குறார். சிவப்பு மஞ்சளாகுது. எல்லாரும் கை தட்டுறாங்க. நீ பக்கத்துல நின்னு விளக்குறே.”

“மஞ்சளாக மணிக்கணக்கா ஆகும் சார்.”

“அவ்வளவு நேரம் மேடை தாங்காதும்மா. கொஞ்சம் சீக்கிரம் ஆகச் சொல்லு.”

சொல்லிப் பார்க்கிறேன், உப்பு கேட்குமா தெரியவில்லை என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன்.

“சார், மெத்தில் ஆரஞ்சுன்னு ஒரு சாயம் இருக்கு. அமிலத்துல சிவப்பா இருக்கும், ரெண்டு சொட்டு அம்மோனியா விட்டா கண் மூடித் திறக்கறதுக்குள்ள மஞ்சள். ஸ்டோர்ல சும்மா கிடக்குது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.”

சார் நாற்காலியில் நிமிர்ந்தார். “பொய்யா? நம்ம நிறுவனத்துலயா? ‘அசல் பிளாட்டினம்’னு அழைப்பிதழ்ல அச்சடிச்சாச்சும்மா!”

அதே அழைப்பிதழில் பத்து ஆய்வகங்கள் என்றும் அச்சடித்திருந்தது. எண்ணிப் பார்த்தால் நாலு. மற்ற ஆறிலும் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கியிருந்தார்கள்.

மறுத்துப் பேசினால் பாட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் ஒரு கணக்குப் போட்டேன். அம்மோனியா சேர்க்காமல், உப்பைத் தண்ணீரில் மட்டும் கரைத்துக் கொடுப்பது. மஞ்சளாகாவிட்டால் போகட்டும். விழா முடிந்ததும் அதே கரைசலை வாங்கிவந்து என் வேலையைத் தொடர்வது. எப்படியும் கரைக்கத்தானே போகிறேன். ஒரே ஒரு நிபந்தனை, உலோகம் எதுவும் அதில் படக்கூடாது. செம்போ, இரும்போ, துத்தநாகமோ பட்டால், இந்த உப்பிலிருக்கும் பிளாட்டினம் குளோரினை உதறிவிட்டுக் கறுப்புத் தூளாக வெளியே வந்து உட்கார்ந்துவிடும்.

“அண்ணே, கண்ணாடிக் குச்சி வெச்சாச்சா?” என்று ஸ்டோர்காரரிடம் மூன்று தடவை கேட்டேன்.

“ரெண்டு வெச்சிருக்கேன் தங்கச்சி. ஒண்ணு உடைஞ்சாலும் இன்னொண்ணு இருக்கும். போ, தைரியமா இரு.”

மேடையில் பீக்கர் விளக்கொளியில் ஜொலித்தது. கையுறை போட்டால் படத்தில் நன்றாக இருக்காது என்று அதை முதலிலேயே ஓரங்கட்டிவிட்டார்கள். பிறகு சார், பட்டுத்துணி விரித்த தட்டு ஒன்றை நீட்டினார். அதில் ஒரு முழ நீளத்துக்குப் பளபளவென்று ஒரு பித்தளைக் கரண்டி.

“சார், பித்தளை வேண்டாம் சார், அதுல செம்பும் துத்தநாகமும் இருக்கு. கண்ணாடிக் குச்சி இருக்கு” என்றேன்.

“குச்சியப் பிடிச்சா அவர் கௌரவம் என்ன ஆகுறது?” என்று சிரித்த முகம் மாறாமல் பல்லிடுக்கில் சொன்னார். “தள்ளி நில்லு, படத்துல மறைக்கிறே.”

தலைமை விருந்தினர் மூன்று சுற்றுக் கலக்கினார். போட்டோகிராபருக்காக இன்னும் நாலு. பிறகு கரண்டியைப் பீக்கரிலேயே விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். பொறுமையின் அவசியம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நான் இரண்டு தடவை பீக்கரை எடுக்கப் போனேன். இரண்டு தடவையும் சாரின் கை என் முழங்கையைப் பிடித்தது.

பத்தாவது நிமிடம் கரண்டி கறுத்தது. இருபதாவது நிமிடம் கறுப்புச் செதில்கள் உதிர்ந்து அடியில் படிந்தன. சிவப்பு வெளிறிக்கொண்டே வந்தது. பேச்சு முடிந்தபோது எல்லாரும் பீக்கரைப் பார்த்தார்கள்.

“மஞ்சளாகும்னு சொன்னீங்க, கறுப்பா இருக்கே?” என்றார் விருந்தினர்.

“மஞ்சளெல்லாம் பழைய முறை ஐயா” என்றார் சார். “இது அடுத்த கட்டம்.”

அரங்கம் கை தட்டியது. என் இரண்டு கிராமுக்கு விழுந்த கைத்தட்டல்.

கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த விருந்தினருக்கு முகம் மலர்ந்தது. “இந்தக் கறுப்பு முழுக்கப் பிளாட்டினமா? அப்ப இது என் நினைவுப் பரிசு!”

“எடுத்துக்கணும் ஐயா, எடுத்துக்கணும்!” என்று சார் பெட்டிக்கு ஆளனுப்பினார்.

ஸ்டோர்காரர் என் காதருகில் குனிந்தார். “தங்கச்சி, உன் பட்டம் கார்ல ஏறப் போகுது.”

நான் மைக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும், யாரும் கொடுக்கவில்லை.

“ஐயா, ஒரு நிமிஷம். இந்த உப்புத் தண்ணி பட்ட எதையும் வெறும் கையால தொடக்கூடாது. சிலருக்கு ஒத்துக்காது. முதல்ல தும்மல் வரும், அப்புறம் தோல் தடிக்கும், அப்புறம் மூச்சு இழுக்கும். இதுனாலயே பிளாட்டினம் தொழிற்சாலையில வேலையை விட்டவங்க இருக்காங்க.”

“ஒரு தடவை தொட்டாலுமா?”

“அது ஆளைப் பொறுத்தது ஐயா.”

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. மாதக்கணக்கில் அதன் தூசியில் புழங்குகிறவர்களுக்குத்தான் அப்படி வருவது வழக்கம் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அரங்கத்தில் நேரமும் இல்லை. புதுத் திரைச்சீலையின் தூசியோ என்னவோ, விருந்தினருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்தது. கரண்டி தட்டில் விழுந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. அவர் கை கழுவப் போன வேகத்தில் ஒரு காவலாளியின் தொப்பி கழன்றது. நான் கையுறை போட்டுக்கொண்டு தட்டு, பீக்கர், கரண்டி மூன்றையும் வாரிக்கொண்டு ஓடினேன்.

பிறகு நாலு நாள். கரண்டியைச் சுரண்டினேன். மிச்சமிருந்த வெளிர்சிவப்பையும் துத்தநாகத் தூள் போட்டு நானே கறுப்பாக்கினேன். செம்பும் துத்தநாகமும் போகும்வரை அமிலத்தில் கழுவினேன். கறுப்பை ராஜ திராவகத்தில் கரைத்து, சுண்டவைத்து, பொட்டாசியம் குளோரைடு சேர்த்தபோது மஞ்சள் உப்பு இறங்கியது. அதை ஹைட்ரசீன் விட்டுச் சிவப்பாக்க வேண்டும். ஒரு சொட்டு கூடினால் மறுபடி கறுப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விட்டேன். இரண்டு கிராமில் ஒன்றரை திரும்பக் கிடைத்தது. அதில் என் புதுப் பிள்ளையைச் செய்து, வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அரை கிராமைக் குப்பியில் அடைத்து, கூரியர் படிவத்தோடு சார் அறைக்குப் போனேன். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது.

சார் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

“அடுத்த மாசம் இதைவிடப் பெரிய ஆள் ஒருத்தர் வர்றாரும்மா. அந்தக் கறுப்பு எடுப்பா இருந்துச்சு. இந்தக் குப்பியை அதுவரைக்கும் வெச்சுக்கலாமா? ஆறு மாசம் என்ன பெரிய விஷயம்? உனக்கு என்ன வயசாயிடுச்சு?”

மணி மூன்று நாற்பது. கத்தலாம் என்று இருந்தது. குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டேன்.

“வெச்சுக்கலாம் சார். அப்ப அடுத்த மாசமும் நான் இங்கதான் இருப்பேன். மேடையிலயும் நானே நிப்பேன். கறுப்பு ஏன் வந்துச்சுன்னு வர்றவருக்கு நானே மைக்ல சொல்லிடறேன். பித்தளைக் கரண்டியிலேருந்து ஆரம்பிச்சு.”

சார் என்னைப் பார்த்தார். குப்பியைப் பார்த்தார். சுவரில் புதிதாக மாட்டியிருந்த விழாப் படத்தையும் ஒருமுறை பார்த்தார்.

“நீ கிளம்பவேண்டிய நேரம் வந்துடுச்சும்மா” என்று சொல்லிக்கொண்டே மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டார்.

லிஃப்ட் ஓடவில்லை. நாலு மாடியும் படியில் இறங்கி ஓடினேன். கூரியர்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டிருந்தார்.

“உள்ள என்னம்மா?” என்று கேட்டுப் பொட்டலத்தை வாங்கினார்.

“ஆறு வருஷம்” என்றேன். “நிமிர்த்தி வைங்க.”