சனிக்கிழமைச் சட்டை

நான் இதுவரை ஒரு சட்டைக்கும் இஸ்திரி போட்டதில்லை. முதலில் அம்மா போட்டாள், பிறகு மனைவி க்வென். அவள் போன பிறகு கசங்கியதையே மாட்டிக்கொண்டு திரிகிறேன். ஆனாலும் வேல்ஸில் இஸ்திரியைப் பற்றி ஒரு கவிதை சொல்லச் சொன்னால், பள்ளிப் பிள்ளைகள் என்னுடையதைத்தான் சொல்வார்கள். செத்துப்போன அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை, வாரம் தவறாமல் சனிக்கிழமை மாலை கஞ்சி போட்டுத் தேய்த்து வைக்கும் ஒரு பெண். ஓர் ஆணுக்கு இப்படியொரு கண்ணா என்று விமர்சகர்கள் வியந்தார்கள். கண்ணும் என்னுடையதல்ல, கவிதையும் என்னுடையதல்ல.

போன செவ்வாய்க்கிழமை பதிப்பகத்திலிருந்து மானோன் பேசினாள். நான் எழுதியது மொத்தத்தையும் ஒரே புத்தகமாகப் போடுகிறார்கள். ஏழு கவிதைத் தொகுப்பு, இரண்டு சிறுகதைத் தொகுப்பு, யாரும் வாங்காத ஒரு நாவல்.

"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. 'சனிக்கிழமைச் சட்டை'யைத்தான் முதல்ல வைக்கிறோம். அதுக்கு முன்னாடி ஏதாவது எழுதியிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப எல்லாமே அங்கதான் ஆரம்பம்," என்று சந்தோஷமாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அங்கேதான் ஆரம்பம். எனக்கு இருபத்திரண்டு வயது. சேப்பல் கூடத்தில் எங்கள் ஊர் ஐஸ்தெத்வோத், பாட்டுக்கும் கவிதைக்கும் வருடா வருடம் நடக்கும் போட்டி. கவிதையைப் புனைபெயரில் அனுப்ப வேண்டும். நிஜப் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும், உறையின் மேல் புனைபெயர் மட்டும். எங்கள் ஊரில் இருப்பது கடல் ஒன்றுதான் என்பதால் பெயருக்கு யாரும் மூளையைக் கசக்குவதில்லை. நான் 'கரையோரம்' என்று வைத்தேன்.

நடுவர் மேடையில் வென்ற கவிதையிலிருந்து நாலு வரி வாசித்தபோதே அது என்னுடையதில்லை என்று தெரிந்துவிட்டது. என் கவிதையில் கடல்கன்னிகள் உண்டு, இஸ்திரிப்பெட்டி கிடையாது. சரி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போது அவர் சொன்னார்: "கரையோரம் என்ற புனைபெயருக்கு உரியவர் மட்டும் எழுந்து நிற்கவும்."

கார்னெட் ஊதினார்கள். புனைபெயரை ஒருவருக்கும் சொல்லக் கூடாது. நான் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். விலாவில் முழங்கையால் ஓர் இடி விழுந்தது.

"எந்திரிடா. நீதான்டா."

எழுந்தேன். மூன்று வரிசைக்கு முன்னால் எலினெட்டும் எழுந்தாள், பாதிதான். ஞாயிறு பள்ளியில் என்னோடு படித்தவள். தபால் நிலையத்தில் வேலை. அவள் அம்மா ஊரார் துணிகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்தவள். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்துக் கைதட்டியது. அவளும் திரும்பிப் பார்த்தாள். பாவாடையைச் சரிசெய்ய எழுந்தவள்போல மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

வென்றவனை, பரிசாகத் தரும் நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கு மேல் வாளைப் பாதி உருவி, "சமாதானமா?" என்று கூட்டத்தை மூன்று முறை கேட்பார்கள். ஆட்சேபம் இருந்தால் சொல்ல அதுதான் நேரம். மூன்று முறையும் கூட்டம் "சமாதானம்" என்றது. மூன்றாவது முறை எலினெட்டின் வாயும் அசைந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

செயலாளர் பியூ முதலில் கையில் கிடைத்த 'கரையோரம்' உறையைப் பிரித்தார். எம்லின் ப்ரொசர் என்று என் பெயர் இருந்தது. அதே புனைபெயரில் இன்னொரு உறையையும் பார்த்துவிட்டு, இந்தப் பயல் இரண்டு கவிதை அனுப்பியிருக்கிறான்போல என்று சிரித்தார். தோற்றவர்களின் உறைகளைப் பிரிக்காமல் எரிப்பது வழக்கம். அதையும் அவற்றோடு சேர்த்து அடுப்பில் போட்டார். அன்று ஜெயித்த நாற்காலியில் உட்கார்ந்துதான் பத்துப் புத்தகமும் எழுதினேன்.

புதன்கிழமை மத்தியானம் அச்சுப் படிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி எலினெட் வீட்டுக்குப் போனேன். டீ ஊற்றினாள். வெண்ணெய் தடவிய பழரொட்டியை என் பக்கம் நகர்த்தினாள். அந்தக் கவிதை அவளுடையது என்று அன்றே எனக்குத் தெரியும் என்பதை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன்.

"ஸ்டாம்ப் வாங்க வருவியே," என்றாள். "இன்னைக்குச் சொல்லிருவான்னு ஒவ்வொரு தடவையும் நெனைப்பேன். நீ ஸ்டாம்ப மட்டும் வாங்கிட்டுப் போவ."

மேஜை இழுப்பறையிலிருந்து பழுப்பேறிய தாளை எடுத்து வைத்தாள். என் கடல்கன்னிகள்.

"தோத்தவங்க கவிதைய மறுநாள் திருப்பிக் குடுத்தாங்கல்ல? கரையோரம்னு சொன்னேன், இதக் குடுத்தாங்க. பத்திரமா வச்சிருக்கேன். கன்னிங்க கொஞ்சம் ஜாஸ்தி."

"அப்பவே ஏன் சொல்லல?"

"உங்கம்மா அழுதுக்கிட்டிருந்தாங்க. போகட்டும், அடுத்த வருஷம் ஜெயிச்சுக்கலாம்னு நெனைச்சேன்."

"அப்புறம் எழுதவே இல்லையா?"

"எழுதாம என்ன. மூணு தடவ அனுப்பினேன். மூணு தடவையும் ஒரே தீர்ப்பு. எம்லின் ப்ரொசரப் பாத்து எழுதறாங்கன்னு." கோப்பையைக் கீழே வைத்தாள். "மூணாவது தடவ நடுவர் யாருன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் வந்தது. தபால் முத்திரை குத்தும் கையைப் பற்றிய கவிதை அது. நல்ல கவிதை. 'சொந்தக் குரல் இல்லை' என்று அதன் அடியில் எழுதியது நான். எழுதியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது.

"புத்தகத்துல 'சனிக்கிழமைச் சட்டை'ய உன் பேர்ல போடச் சொல்றேன், எலினெட்."

"போடு," என்றாள் உடனே. "முழுப் பேரும் போடு. எலினெட் மேய் லூயிஸ். எப்படி நடந்துச்சுன்னு முன்னாடி ரெண்டு பக்கம் எழுது. நீ நல்லா எழுதுவியே."

இந்த வயதில் எனக்கு எதற்குப்பா அதெல்லாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் சொல்வாள் என நம்பித்தான் நான் பஸ் ஏறியிருந்தேன். அது அந்த நிமிடம்தான் எனக்கே தெரிந்தது.

"வீட்டுக்குப் போய் மானோன்கிட்ட பேசறேன்," என்றேன்.

எலினெட் எழுந்து போனாள். ஜன்னலோரம் இருந்த போனை, வயர் நீளும் மட்டும் இழுத்துவந்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்கருந்தே பேசு."