அலசாத பாசி

ஜீப்பு வரப்போரம் நின்றதுமே ராக்கம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இன்றைக்கு விடுவதாக இல்லை.

இறங்கியவர் கடற்கரை ஆராய்ச்சி நிலையத்து செல்வதுரை சார். கடலுக்குள் முங்கிப் பாசி பறித்து, எது எந்தப் பாறையில் வளருது, எதில் என்ன சத்து இருக்குது என்று பார்க்கிறவர். அவரிடம் கூலிக்குப் போன புருசன் பால்பாண்டிதான், பாசியை உரமாகப் போட்டுப் பார்க்க நம்ம நிலம் இருக்குது என்று தங்கள் ஊரான பரளச்சிக்குக் கூட்டி வந்தது. இருக்கிற ஒரே துண்டு நிலத்தில் பாதிக்குப் பாசி போட்டு, மீதியை வெறுமனே விட்டு, குதிரைவாலி விதைத்தார்கள். வெறும் பாதி பச்சையாக நின்றது. பாசி போட்ட பாதி முளைத்த சுருக்கில் கருகி, மண்மேல் வெள்ளை பூத்துக் கிடந்தது.

சார் குனிந்து பார்த்தார். "இது உப்பு. நல்ல தண்ணியில நல்லா அலசிட்டுத்தானே போட்டீங்க?"

பால்பாண்டி தலையைச் சொறிந்தான். "அலசலைங்க சார்."

"என்னய்யா சொல்றே? ஒரு வருச வேலை பாழாப் போச்சே!"

"யாரு வேலை சார் பாழாப் போச்சு?" ராக்கம்மாள் முன்னால் வந்தாள். "நாந்தான் அலச வேணாம்னேன். ஒரு குடம் குடிதண்ணிக்கு ஊரு விட்டு ஊரு அலையிறோம். அதை ஊத்திக் குப்பையைக் குளிப்பாட்டச் சொல்றீகளா? பாக்குறவ காறித் துப்ப மாட்டா?"

"தண்ணி இல்லேன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேட்டீகளா? கடலுக்குள்ள முங்கி அம்புட்டையும் பாத்தீக. இந்தா இருக்கு கெணறு, எட்டிப் பாத்தீகளா? எம்புள்ளைக இந்த வருசம் என்னத்தத் திங்கும், பாசியையா?"

"ஏய், சார்கிட்டப் பாத்துப் பேசு," என்றான் பால்பாண்டி.

"நீ வாயைத் தொறக்காத. ஒன்னைய அப்புறமா வச்சுக்கிறேன்."

அடுத்த சோதனைக்கென்று கொண்டுவந்த பாசி மூட்டையை டிரைவர் இறக்கினான். ராக்கம்மாள் அதைப் புரட்டித் தூக்கி ஜீப்புக்குள்ளேயே எறிந்தாள்.

சார் கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்துப் போட்டார். ணங்கென்று பாறையில் விழுந்த சத்தம்தான் வந்தது. திரும்பியவர் குரல் தணிந்திருந்தது.

"இந்த மண்ணுல ஒரு கைப்பிடி எடுத்துக்கிடவாம்மா? பாக்கணும்."

"ஒரு கைப்பிடி என்னத்துக்கு? மொத்தத்தையும் அள்ளிக்கிட்டுப் போங்க!"

ஜீப்பு போனதும் கரிசலில் மேய்ந்த ஆடுகள் வந்து வெள்ளை மண்ணை நக்கின. கம்பை ஓங்கியவள் கையைத் தாழ்த்தினாள்.

"நக்குங்க. ஒங்களுக்காச்சும் ஆகட்டும்."

கம்போடு போய்ப் பச்சைப் பாதியின் வரப்பில் நின்றுகொண்டாள்.